டோக்கியோவில் கடைசி நாள்: பெட்டியை எங்கே வைப்பது, சில்லறையை என்ன செய்வது?

மாலை 7 மணிக்கு நரிட்டாவில் விமானம். காலை 10 மணிக்கே ஓட்டல் அறையைக் காலி செய்தாக வேண்டும். நடுவில் இருக்கும் நேரத்தில், இதுவரை பார்க்காத இன்னொரு மூலைக்கு ஓடிவிட்டு வரலாம் என்று தோன்றும். வேண்டாம். நரிட்டா நகரத்திலிருந்து 60 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. விமான நிலைய ரயில் கிளம்பும் இடத்தைச் சுற்றியே பொழுதைக் கழியுங்கள். அதற்கு உயெனோ தோதான இடம்.

1. முந்தின இரவு

பெட்டியைக் கட்டி எடை பாருங்கள். சோயா சாஸ், மிசோ (சோயா விழுது) எல்லாம் பெரிய பெட்டிக்குள் போகட்டும். மிசோவையும் திரவக் கணக்கில்தான் சேர்ப்பார்கள். கைப்பையில் 100 மில்லிக்கு மேல் இருந்தால் போச்சு. உயெனோவிலிருந்து நரிட்டாவுக்குப் போகும் ஸ்கைலைனர் ரயிலில் எல்லாமே முன்பதிவு இருக்கைகள். பிற்பகல் 3 மணி வாக்கில் ஒன்றைப் பிடித்து வையுங்கள்.

2. பெட்டியை இறக்கி வைப்பது

ஓட்டல் உயெனோ பக்கம் என்றால் வரவேற்பிலேயே கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் வைத்துக்கொள்வார்கள். இல்லையென்றால் ரயில் நிலைய லாக்கர். பெரிய பெட்டி கொள்ளும் லாக்கர்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும், அதனால் காலையிலேயே போங்கள்.

சுய்க்கா அட்டையில் (ரயிலுக்கும் கடைகளுக்கும் பயன்படும், முன்கூட்டியே பணம் ஏற்றிக்கொள்ளும் அட்டை) பணம் கட்டினால், அந்த அட்டையேதான் லாக்கருக்குச் சாவி. பெட்டியை எடுக்கும்வரை அதைத் தொலைக்கவோ திருப்பிக் கொடுக்கவோ கூடாது. நான் ஒருமுறை லாக்கர் எண்ணை மட்டும் படம் எடுத்து வைத்தேன். திரும்பி வந்தால் எங்கு பார்த்தாலும் ஒரே மாதிரி லாக்கர் வரிசைகள். அரை மணி நேரம் அலைந்தேன். பக்கத்தில் இருக்கும் வாசலின் பெயர்ப் பலகையையும் சேர்த்துப் படம் எடுங்கள்.

3. சுற்றுவது

உயெனோ நிலையத்துக்கு எதிரிலேயே உயெனோ பூங்கா. அதற்குள் 1872இல் தொடங்கிய தேசிய அருங்காட்சியகம் இருக்கிறது. திங்கட்கிழமை பொதுவாக விடுமுறை. ஜூலை, ஆகஸ்ட் என்றால் ஷினோபாசு குளம் முழுக்கத் தாமரை.

எனக்கு அமெயோகோ தெருதான் பிடிக்கும். போருக்குப் பிந்தைய கள்ளச் சந்தையாக வளர்ந்த இடம். தலைக்கு மேல் ரயில் தடதடக்க, கீழே கருவாடு, செருப்பு, மசாலா. சாக்லேட் கடைக்காரர் ஒருவர் கரகரத்த குரலில் கூவிக்கொண்டே பைக்குள் ஒவ்வொன்றாகப் போடுவார். சரி, முடிந்தது என்று நாம் நினைக்கும்போது இன்னும் இரண்டு. மொத்தம் 1000 யென். கொசுறே சரக்கை விட அதிகமோ என்று தோன்றும்.

4. சில்லறை

நாணயங்களைப் பணம் மாற்றும் இடங்களில் பொதுவாக வாங்குவதில்லை. 500 யென்னும் நாணயம்தான் என்பதால் பையின் அடியில் நல்ல தொகை சேர்ந்திருக்கும். மதியச் சாப்பாட்டை அதில் முடியுங்கள்.

அப்புறம் சுய்க்கா. மறுபடி வருவதாக இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியாகப் பயன்படுத்தியதிலிருந்து 10 ஆண்டுகள் செல்லும். வேண்டாம் என்றால், மீதித் தொகையைக் கடைகளில் செலவழித்துவிட்டு ஜேஆர் ரயில் நிறுவனத்தின் கவுன்டரில் கொடுங்கள். அட்டை வாங்கும்போது கட்டிய முன்பணம் 500 யென் அப்படியே கிடைக்கும். மீதி இருந்தால் அதிலிருந்துதான் 220 யென் கட்டணம் பிடிப்பார்கள். சுற்றுலாப் பயணிகளுக்கான வெல்கம் சுய்க்காவுக்கு இது பொருந்தாது, அதில் எதுவும் திரும்ப வராது.

5. ரயில்

ஸ்கைலைனர் கிளம்புவது ஜேஆர் உயெனோ நிலையத்திலிருந்து இல்லை. அது கிளம்பும் கெய்செய் உயெனோ தனி நிலையம். வெளியே வந்து, சாலையைத் தாண்டிக் கீழே இறங்க வேண்டும். பெட்டியோடு 15 நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

பயணம் சுமார் முக்கால் மணி நேரம். விமான நிலையத்தில் முதலில் வருவது 2, 3ஆம் டெர்மினல்களுக்கான நிறுத்தம். எல்லோரும் எழுந்திருக்கிறார்களே என்று நீங்களும் இறங்கிவிடாதீர்கள். 1ஆம் டெர்மினல் அதற்கடுத்தது.