வெளிநாட்டு வளாகத்துக்கும் சேர்த்து என்எஸ்எஃப் நிதி கேட்பது எப்படி?

அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் (என்எஸ்எஃப்) நிதி கேட்கப்போகிறீர்களா? அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் அபுதாபி, தோஹா போன்ற வளாகங்களில் ஆய்வின் ஒரு பகுதி நடக்கப்போகிறதா? விண்ணப்பம் எழுத உட்காரும் முன், அந்த வளாகம் சட்டப்படி பல்கலைக்கழகத்தின் உறுப்பா, அந்நாட்டில் தனியாகப் பதிவான அமைப்பா என்று உங்கள் ஆராய்ச்சி நிதி அலுவலகத்தில் கேளுங்கள். உறுப்பு என்றால் செலவு முதன்மை பட்ஜெட்டிலேயே வரும். தனி அமைப்பு என்றால் சப்அவார்டு, அதாவது உங்கள் நிதியில் ஒரு பங்கை அந்த அமைப்புக்கு ஒப்பந்தப்படி பிரித்துத் தருவது; அதற்கென்று தனி பட்ஜெட். வெளிநாட்டு அமைப்புகளுக்கான விதிகளும் பொருந்தக்கூடும்.

அடுத்து முகப்புத் தாள். பணம் எந்த வழியில் போனாலும், ஆலோசகர் கட்டணமாகவே போனாலும், வெளிநாட்டுக் கிளை வளாகத்துக்கு நிதி என்ற கட்டத்தில் டிக் செய்ய வேண்டும். 2018 முதல் இந்த விதி இருக்கிறது.

டிக் செய்தால் போதாது. திட்ட விவரிப்பின் 15 பக்கங்களுக்குள்ளேயே இரண்டு விளக்கங்கள் தர வேண்டும்: அங்கே செய்வதால் ஆய்வுக்கு என்ன நன்மை, அமெரிக்க வளாகத்தில் ஏன் செய்ய முடியாது. பலர் முதலாவதை விரிவாக எழுதிவிட்டு இரண்டாவதை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். 'அங்கே நல்ல ஆய்வகம் இருக்கிறது' என்பது இரண்டாவது கேள்விக்குப் பதிலாகாது. கோடையில் 34 டிகிரி செல்சியஸைத் தாண்டும் பாரசீக வளைகுடா நீரில் வாழும் பவளங்களைக் கண்காணிப்பதை வேறெங்கும் செய்ய முடியாது. இது வலுவான காரணம். ஆனால் அதே பவள மாதிரிகளின் மரபணு வரிசையை அமெரிக்காவிலேயே படிக்கலாம். அந்தச் செலவையும் அபுதாபிக் கணக்கில் வைத்தால், நல்ல காரணமும் சேர்ந்து பலவீனமாகிவிடும். வேலைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, அங்கேதான் முடியும் என்பதை மட்டும் அங்கே வையுங்கள்.

மறைமுகச் செலவில், அதாவது கட்டடம், நிர்வாகம் போன்ற பொதுச் செலவுகளுக்காகச் சதவீத விகிதத்தில் சேர்க்கும் தொகையில், கவனம் தேவை. ஆய்வின் பெரும்பகுதி வெளிநாட்டு வளாகத்தில் நடந்தால், பொதுவாக வளாகத்துக்கு வெளியிலான குறைந்த விகிதமே பொருந்தும். எத்தனை சதவீத வேலை அங்கே நடந்தால் மாறும் என்பது உங்கள் பல்கலைக்கழகத்தின் விகித ஒப்பந்தத்தில் இருக்கும். அமெரிக்க அரசுடன் விகித ஒப்பந்தம் இல்லாத வெளிநாட்டுச் சப்அவார்டு அமைப்புக்கு 15 சதவீதம்தான் உச்சம். 2024 அக்டோபருக்கு முன் அது 10 ஆக இருந்தது. பழைய பட்ஜெட் கோப்பை நகலெடுத்தால் இந்த எண் தப்பாகிவிடும்.

விமானச் சீட்டில் பணம் இழப்பவர்கள் அதிகம். அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் நிதியில் பறப்பவர்கள் அமெரிக்க விமான நிறுவனத்தில்தான் செல்ல வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்துடனான ஒப்பந்தத்தால் கிடைக்கும் விலக்கு வளைகுடா நிறுவனங்களுக்கு இல்லை. அவர்களின் விமானத்தில் ஏறினாலும், சீட்டில் அமெரிக்க நிறுவனத்தின் விமான எண் இருந்தால் ஏற்பார்கள். மலிவு என்பது காரணமாகாது. வேறு வழியில்லாத சூழல்களுக்கு விலக்கு உண்டு, ஆனால் அதைப் பயணத்துக்கு முன்பே எழுத்தில் பதிவு செய்து வையுங்கள்.

கடைசியாக, அந்நாட்டு அரசோ அறக்கட்டளையோ உங்கள் ஆய்வுக்குத் தரும் மானியத்தை, நடப்பு மற்றும் நிலுவை ஆதரவுப் படிவத்தில் (ஆய்வாளருக்கு இப்போது கிடைக்கும், கேட்டுக் காத்திருக்கும் ஆதரவுகளின் பட்டியல்) காட்டியே ஆக வேண்டும். 'பணம் நம் வளாகம் வழியாகத்தானே வருகிறது' என்று விட்டுவிடாதீர்கள். அந்தப் படிவம் உண்மை என்று சான்றளிப்பவர் நீங்கள். விடுபட்டால் கேள்வி உங்களிடம்தான் வரும். ஒரே வெளிநாட்டு மூலத்திலிருந்து ஆண்டுக்கு 2,50,000 டாலர் அல்லது அதற்கு மேல் வந்தால் பல்கலைக்கழகம் அமெரிக்கக் கல்வித் துறைக்கு அறிக்கை தர வேண்டும். அதன் கெடு நாட்கள் ஜனவரி 31, ஜூலை 31. ஆகவே ஒப்பந்தம் கையெழுத்தான உடனே அலுவலகத்துக்கு ஒரு நகல் அனுப்பிவிடுங்கள்.