எம்.ஆர்.ஐ. நார்மல், கை மட்டும் நடுங்குகிறது

கொடைக்கானலில் ஒருவருக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் பெரும்பாலும் மலை இறங்கித்தான் ஆக வேண்டும். விடியற்காலை பஸ், வத்தலக்குண்டு தாண்டி மதுரையோ திண்டுக்கல்லோ, ஒரு நாள் கூலி போய், கட்டணம் வேறு. இத்தனை பாடுபட்டு வாங்கிய ரிப்போர்ட்டில் "நார்மல்" என்று இருந்தால் வீட்டில் என்ன பேச்சு வரும்? "ஒண்ணும் இல்லையாம், எல்லாம் மனசுதானாம்." ஸ்கேன் அறையில் வேலை பார்த்த வருடங்களில் இந்தப் பேச்சைப் பலமுறை கேட்டிருக்கிறேன். வேலையிடத்து ரசாயன நஞ்சைப் பொறுத்தவரை இதைவிடப் பெரிய தவறு இல்லை.

பாதரசத்தையே எடுத்துக்கொள்வோம். எங்கள் ஊருக்கு அது அந்நியமில்லை. 1980களில் நியூயார்க் மாநிலத்திலிருந்து இங்கே பெயர்ந்து வந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலை 2001இல் மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளிகள் 591 பேருக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான உடன்பாடு 2016இல்தான் வந்தது. இடைப்பட்ட பதினைந்து வருடங்களும் இழுபட்ட கேள்வி, "இந்த உடம்புக் கோளாறுக்குக் காரணம் பாதரசம்தானா?" என்பது. அதற்கு ஒரு படம் பதில் சொல்லிவிடும் என்று நம்பியவர்கள் ஏராளம்.

உடைந்த தெர்மாமீட்டரிலிருந்து குழந்தை பாதரசத்தை விழுங்கிவிட்டால் எக்ஸ்ரேயில் அது வெள்ளை மணிகளாகப் பளிச்சென்று தெரியும். பெற்றவர்கள் பதறிப்போவார்கள். ஆனால் குடல் அதை உறிஞ்சுவதே இல்லை என்று சொல்லலாம், மலத்தோடு போய்விடும். மூச்சில் ஏறும் ஆவிதான் ஆபத்து. அதில் சுமார் 80 சதவீதம் நுரையீரல் வழியாக ரத்தத்தில் கலந்து மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போகிறது. அது எக்ஸ்ரேயில் தெரியாது. எம்.ஆர்.ஐ.யும் பாதரசத்தைக் காட்டுவதில்லை; திசுவில் உண்டான மாற்றத்தை, அதுவும் கண்ணுக்குப் புலப்படும் அளவுக்கு இருந்தால்தான், காட்டும். கை நடுக்கம், ஈறு வீக்கம், தூக்கமின்மை, சட்டென்று கோபம், ஆட்களைக் கண்டால் ஒதுங்கிப்போகும் கூச்சம் என்று எல்லாம் இருந்தும் படம் சுத்தமாக வரலாம்.

ஜப்பானின் மினமாட்டாவில் பாதரச நஞ்சுக்கு ஆளானவர்களின் மூளைப் படங்களில் சிறுமூளையும் பார்வைக்கான புறணியும் சுருங்கியிருப்பது தெரிகிறதே என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். ஆனால் அங்கே மக்கள் மீன் வழியாக உட்கொண்டது மெத்தில் பாதரசம் என்ற வேறொரு வகை. ஆவியைச் சுவாசித்தவரின் படத்தில் அதே அடையாளத்தைத் தேடிவிட்டு, கிடைக்கவில்லை என்று ஃபைலை மூடுவது அநியாயம்.

சரி, எதைப் பார்ப்பது? ஆவி உள்ளே போனதா என்று அறியச் சிறுநீரில் பாதரச அளவைப் பார்க்க வேண்டும், அதையும் கிரியேட்டினினோடு (சிறுநீர் எவ்வளவு நீர்த்திருக்கிறது என்று காட்டும் கழிவுப் பொருள்) ஒப்பிட்டு. ரத்தப் பரிசோதனை அண்மைய நாட்களைத்தான் சொல்லும். கடல் மீன் சாப்பிட்டிருந்தாலே அதில் அளவு ஏறும். வேலை உடுப்போடு மாதிரி கொடுக்கக் கூடாது. அதில் ஒட்டியிருப்பது பாத்திரத்தில் விழுந்தால் கணக்கே தப்பு. குளித்து, உடை மாற்றிவிட்டுக் கொடுக்க வேண்டும்.

காலம் கடத்துவதும் பெரிய தவறு. உடம்பிலுள்ள பாதரசம் ஏறக்குறைய இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. வேலையை விட்டு ஒரு வருடம் கழித்துப் போனால் ஆறு முறை பாதியாகி, 64இல் ஒரு பங்குதான் மிஞ்சும். அப்போது அளவு குறைவாக இருப்பது "அன்றைக்குப் பாதிப்பே இல்லை" என்பதற்குச் சான்றாகாது. இந்த ஒரு கணக்கைத் தெரிந்துகொண்டால் எத்தனையோ வாக்குவாதம் மிச்சமாகும். இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. உலோகத்தை இழுத்து வெளியேற்றும் மருந்தைக் கொடுத்துவிட்டு, அதன்பின் வரும் சிறுநீரை அளந்து, "பார், எவ்வளவு விஷம்!" என்பது. அந்த மருந்து கொடுத்தால் யாருக்கும் அளவு ஏறும். மருந்து எடுக்காதவர்களின் அளவோடு அதை ஒப்பிடுவது ஏமாற்று வேலை.

எல்லாப் படங்களையும் ஒதுக்கச் சொல்லவில்லை. கேட், கிரில் வெல்டிங் செய்பவருக்கு மாங்கனீசுப் புகை அளவு மீறினால் எம்.ஆர்.ஐ.யில் மூளையின் நடுவே குளோபஸ் பாலிடஸ் என்ற பகுதி இரு பக்கமும் வெளிச்சமாகத் தெரியலாம். ஆனால் கல்லீரல் கெட்டவருக்கும் அப்படியே தெரியும். அப்புறம், வேலையை நிறுத்திச் சில மாதங்களில் அந்த வெளிச்சம் மங்கிவிடும். நடை தடுமாற்றம் மட்டும் போகாமல் அப்படியே நீடிக்கலாம். அனுப்பும் சீட்டில் "தலைவலி, நடுக்கம்" என்று மட்டும் எழுதி, "பன்னிரண்டு வருடமாக வெல்டர்" என்பதை விட்டுவிட்டால் படம் பார்க்கும் டாக்டர் பாவம், எதைத் தேடுவார்?

குளிருக்குப் பூட்டிய அறையில் கரி அடுப்பு மூட்டித் தூங்கிய வாட்ச்மேன் விஷயம் வேறு. அங்கே ஸ்கேனுக்காகக் காத்திருப்பதே தவறு. முதலில் வெளிக்காற்று, உடனே ஆக்சிஜன். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 98 காட்டினாலும் நம்பக் கூடாது. கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் அது ஆக்சிஜன் ரத்தம் என்றே எண்ணும். தெளிந்து வீட்டுக்குப் போனவருக்குச் சில வாரம் கழித்து மறதியும் தடுமாற்றமும் வரலாம் என்பதால் வீட்டார் கவனிக்க வேண்டும். பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கம் பூண்டுக்கும் கேரட்டுக்கும் மருந்து அடித்தவர் வாயில் நீர் ஒழுக, கண்மணி சுருங்கி வந்தாலும் அப்படித்தான்: நோயாளியைப் பார்த்து உடனே சிகிச்சை, கூடவே ரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் (இத்தகைய பூச்சிமருந்து முடக்கும் நொதி) பரிசோதனை. மூளைப் படம் இங்கே உதவாது.

ஆய்வுகளைப் படித்துவிட்டு வருபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ரசாயனத்தோடு பழகிய ஒரு கூட்டத்தின் மூளைப் படங்களில் சராசரி வித்தியாசம் தெரிந்தது என்றால், அது அந்தக் கூட்டத்தைப் பற்றிய செய்தி. அதை வைத்து ஒரு தனி ஆளிடம் "உமக்கு நஞ்சு ஏறியிருக்கிறது" என்றோ "இல்லை" என்றோ தீர்ப்புச் சொல்ல முடியாது.

1700இலேயே இத்தாலிய மருத்துவர் ராமசினி, நோயாளியிடம் "என்ன வேலை செய்கிறீர்?" என்று கேட்கச் சொன்னார். இன்றும் பலர் கேட்பதில்லை. கேட்டாலும் "கூலி" என்று எழுதி நிறுத்துகிறார்கள். "அண்ணே, எந்த அறையில வேலை? ஜன்னல் இருந்துச்சா? உடுப்ப எங்க துவைச்சாங்க?" என்று கேட்க வேண்டும். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் தெர்மாமீட்டர் தொழிலாளிகளின் பிள்ளைகளுடைய சிறுநீரிலும் பாதரசம் கூடுதலாக இருந்ததை 1980களில் கண்டுபிடித்தார்கள். அது அப்பா அம்மாவின் வேலை உடுப்போடு வீட்டுக்கு வந்திருந்தது.

அதனால் பஸ் ஏறுவதற்கு முன்னால் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை வேலை, எந்தப் பிரிவு, என்ன பொருளைக் கையாண்டீர்கள், கூட வேலை செய்தவர்களுக்கும் இதே தொந்தரவு உண்டா, லீவில் இருந்தால் குறைகிறதா. தாளின் அடியில் பேனாவால் ஒரு சுருள் வட்டம் வரைந்து தேதி போடுங்கள். நடுக்கம் அதில் தெரியும். மூன்று மாதம் கழித்து அதே தாளில் இன்னொரு சுருள் வரைந்து, இரண்டையும் டாக்டரிடம் காட்டுங்கள்.