இஸ்ரேல்–பலஸ்தீனப் போரில் பொதுமக்கள் துன்பத்துக்கு யார் பொறுப்பு? ஊர் நூலகத்தில் கூடிப் பேசும் முறை

திருகோணமலையில் காஸாவைப் பற்றிப் பேச்செடுத்தால் சற்று நேரத்தில் அது "முதலில் தொடங்கியது யார்?" என்பதில் முட்டி நின்றுவிடும். இஸ்ரேல் உருவான 1948, காஸாவை அது பிடித்த 1967, காஸாவை ஆண்ட ஹமாஸ் இஸ்ரேலைத் தாக்கிய 2023 என்று ஆளுக்கோர் ஆண்டைச் சொல்வார்கள். வரலாற்றுக்கு அந்தக் கேள்வி வேண்டும். ஆனால் ஒரு வீட்டின் மீது குண்டு விழுந்து பிள்ளைகள் செத்ததற்கு யார் பொறுப்பு என்பதற்கு அதில் விடை கிடைக்காது. பொறுப்பைச் செயல் செயலாகத்தான் பார்க்க வேண்டும்: இந்த இடத்தில், இந்த நாளில் இதைச் செய்தது யார், கட்டளையிட்டது யார், தடுக்கக்கூடியவராக இருந்தது யார். வாசகர் வட்டமோ இளைஞர் கழகமோ நடத்துகிறவர்கள் தமிழரையும் முஸ்லிம்களையும் ஒன்றாக உட்கார வைத்து இதைப் பேசும் முறையை இங்கே எழுதுகிறோம்.

பன்னிரண்டு பேர் போதும். பதினாறைத் தாண்டினால் நாலு பேர் பேசுவார்கள், மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இடம் பொது நூலகமாகவோ வகுப்பறையாகவோ இருக்கட்டும். கோயில் மண்டபத்திலோ பள்ளிவாசலிலோ வைத்தால் வருகிறவர்களில் ஒரு பகுதியினர் விருந்தாளி ஆகிவிடுவார்கள். விருந்துக்குப் போன வீட்டில் யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள். சனிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு 4 மணிக்குத் தொடங்கி 5.45க்கு முடித்தால், மூதூர், கிண்ணியாவிலிருந்து வந்தவர்கள் நேரத்தோடு திரும்பலாம்.

நூலகப் பொறுப்பாளருக்குத் தலைப்பையும் நேரத்தையும் எழுத்தில் கொடுத்து அனுமதி வாங்குங்கள். வீடியோ பதிவு வேண்டாம், தாள்களில் பெயர் எழுத வேண்டாம். 2025 மார்ச்சில் இஸ்ரேலுக்கு எதிரான ஸ்டிக்கர் ஒட்டிய ஓர் இளைஞர் கொழும்பில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் தடுத்து வைக்கப்பட்டார். பிள்ளைகளைக் கூட்டிப் பேசுகிறவர்களுக்கு இந்தக் கவனம் கட்டாயம் இருக்க வேண்டும்.

அடுத்தது சம்பவங்களைத் தெரிவது. முழுப் போரையும் மேசையில் வைத்தால் எதுவும் நகராது. மூன்று சம்பவங்கள், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 25 நிமிடம். ஒன்று பலஸ்தீன ஆயுதக் குழுக்கள் செய்தது, ஒன்று இஸ்ரேலிய இராணுவம் செய்தது, ஒன்று யார் செய்தது என்பதே சர்ச்சையானது. முதலாவதுக்கு 2023 ஒக்டோபர் 7 தாக்குதலை எடுக்கலாம்: சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலானோர் பொதுமக்கள், 251 பேர் பணயக்கைதிகளாகக் கொண்டுபோகப்பட்டார்கள். மூன்றாவதுக்கு 2023 ஒக்டோபர் 17இல் காஸா நகரின் அல்-அஹ்லி மருத்துவமனை வளாகத்தில் நடந்த வெடிப்பு பொருந்தும். அன்றிரவே 500 பேர் இறந்ததாகவும் இஸ்ரேல் குண்டு போட்டதாகவும் உலகெங்கும் செய்தி போனது. காஸா சுகாதார அமைச்சு பின்னர் 471 என்றது. இலக்குத் தவறிய ரொக்கெட் வகை ஒன்று, பலஸ்தீன ஆயுதக் குழுக்கள் வழக்கமாகப் பாவிக்கும் மாதிரியானது, காரணமாக இருக்கலாம் என்று மனித உரிமை அமைப்பான ஹியூமன் ரைட்ஸ் வோட்ச் நவம்பரில் எழுதி, முழு விசாரணை வேண்டும் என்றும் கேட்டது.

இரண்டாவதுக்கு 2025 மார்ச் 23, காஸாவின் தெற்கிலுள்ள ரஃபா. இந்த மாவட்டத்தில் இதற்கு அதிக நேரம் கொடுப்பதே சரி. அன்று அம்புலன்ஸ் சேவை நடத்தும் பலஸ்தீனச் செம்பிறைச் சங்கத்தினர் 8 பேர், மீட்புப் பணி செய்யும் சிவில் பாதுகாப்புப் பிரிவினர் 6 பேர், ஐ.நா. ஊழியர் ஒருவர் என 15 பேர் சுடப்பட்டு இறந்தார்கள். அவர்களின் வாகனங்கள் விளக்கில்லாமல் சந்தேகத்துக்கிடமாக வந்தன என்றது இஸ்ரேலிய இராணுவம். ஒரு வாரம் கழித்து உடல்கள் மண்ணுக்குள்ளிருந்து எடுக்கப்பட்டன. இறந்த மருத்துவ உதவியாளர் ஒருவரின் கைபேசியில் இருந்த வீடியோ வெளியானது. அதில் வாகனங்களின் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. முதலில் சொன்னது பிழை என்று இராணுவம் ஏற்றுக்கொண்டது, பிறகு ஓர் அதிகாரியைப் பதவி நீக்கியது. 2006 ஓகஸ்ட் 4இல் மூதூரில் தொண்டு நிறுவன ஊழியர்கள் 17 பேர் அவர்களுடைய அலுவலக வளாகத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டதையும், அதற்கு இன்றுவரை யாரும் தண்டிக்கப்படாததையும் அறிந்தவர்களுக்கு, முதல் அறிக்கையை ஏன் முடிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று விளக்கத் தேவையில்லை.

ஒவ்வொரு சம்பவத்துக்கும் ஒரு ஏ3 தாள். ஐந்து பத்தி கோடு போடுங்கள்: செய்தது யார், பாதிக்கப்பட்டது யார், இதை யார் எப்போது சொன்னார், மீறப்பட்ட விதி எது, தடுத்திருக்கக்கூடியவர் யார். மூன்றாவது பத்திதான் உயிர். "வட்ஸ்அப்பில் வந்தது" என்றால் அந்தப் பத்தி வெறுமையாகவே இருக்கட்டும். இறந்தவர்களின் படங்களைக் காட்ட வேண்டாம். படம் வந்தவுடன் பேச்சு நின்றுவிடும்.

விதிகளைச் சுவரில் எழுதி ஒட்டினால் போதும். போராளியையும் பொதுமகனையும் பிரித்தே தாக்க வேண்டும். பணயக்கைதி பிடிப்பது, கூட்டுத் தண்டனை, பட்டினியை ஆயுதமாக்குவது மூன்றும் தடை. தாக்குமுன் பொதுமக்களுக்கு வரும் தீங்கைக் குறைக்க இயன்ற எல்லாம் செய்ய வேண்டும். 1949 ஜெனீவா சாசனங்களும் நாடுகளின் நடைமுறையால் வழக்காறாகிவிட்ட சட்டமும் இவற்றைச் சொல்கின்றன. அந்தச் சாசனங்களோடு சேர்க்கப்பட்ட 1977 மேலதிக நெறிமுறையில் இஸ்ரேல் ஒப்பமிடவில்லை என்று யாராவது சொல்லலாம், அது உண்மை. வழக்காற்றுச் சட்டம் அப்போதும் கட்டும்.

அதிகம் பிழையாக விளங்கிக்கொள்ளப்படுவது விகிதாசார விதி. இரு பக்கச் சாவுகளையும் எண்ணித் தராசில் வைப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். ஒரு தாக்குதலைத் தீர்மானிக்கும் நேரத்தில் எதிர்பார்த்த இராணுவ நன்மைக்கு, எதிர்பார்த்த பொதுமக்கள் சேதம் மிதமிஞ்சியதா என்பதே அங்கே கேள்வி. சாவு எண்ணிக்கையிலும் கவனம் வேண்டும். காஸா சுகாதார அமைச்சின் கணக்கு 2025 ஒக்டோபர் போர்நிறுத்தத்துக்குள் 67,000ஐத் தாண்டியது. அதில் போராளியும் பொதுமகனும் பிரித்துக் காட்டப்படவில்லை. பெண்களும் சிறுவரும் பெருந்தொகை என்பதும் அதே கணக்கில்தான் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள்.

"ஹமாஸ் மக்களுக்குள் ஒளிந்திருந்தது, அப்போ இஸ்ரேல் என்ன செய்யும்?" என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். இந்த வாதம் நமக்குப் புதிதில்லை. 2009இல் வன்னியில் புலிகள் சனத்தை வெளியேற விடாமல் மறித்தார்கள், வெளியேற முயன்றவர்களைச் சுட்டார்கள். அதே சனம் ஒதுங்கியிருந்த பாதுகாப்பு வலயத்துக்குள் இராணுவம் ஷெல் அடித்தது. ஒருவர் செய்த குற்றம் மற்றவரின் கடமையை அழிக்காது என்று சட்டமும் சொல்கிறது. தாளில் இரண்டையும் தனித்தனி வரியில் எழுதச் சொல்லுங்கள். ஒரே வரியில் "ஆனால்" போட்டு இணைக்க விடாதீர்கள்.

இதற்கு நேர்மாறான சறுக்கல், "ரெண்டு பக்கமும் பிழைதான்" என்று சொல்லிக் கதையை முடிப்பது. கேட்க நியாயமாக இருக்கும், ஆனால் ஐந்தாவது பத்தி காலியாகிவிடும். காஸாவுக்குள் போகும் உணவு, எரிபொருள், மருந்தில் பெரும்பகுதியைத் திறக்கவும் மூடவும் கூடிய அதிகாரம் இஸ்ரேலிடம் இருந்தது. 2025 மார்ச் 2 முதல் சுமார் பதினொரு வாரம் அது உணவை முற்றாக நிறுத்தியது. ஓகஸ்ட் 22இல், காஸா நகர் அடங்கிய காஸா மாகாணத்தில் பஞ்சம் உறுதிப்படுத்தப்பட்டது. அதிகாரம் அதிகமானவரின் பொறுப்பும் அந்த விடயத்தில் அதிகம் என்பதே எங்கள் முடிவு. அதுபோல பணயக்கைதிகளை விடுவிக்கும் அதிகாரம் அவர்களை வைத்திருந்தவர்களிடம் இருந்தது. அந்த வரியில் இஸ்ரேலின் குற்றங்களைக் கொண்டுவந்து நிரப்பக் கூடாது.

நீதிமன்றங்கள் பற்றிக் கேள்வி வந்தால் குழப்பாமல் சொல்லுங்கள். சர்வதேச நீதிமன்றம் அரசுகளை விசாரிக்கிறது. இஸ்ரேலுக்கு எதிராகத் தென்னாபிரிக்கா தொடுத்த இனப்படுகொலை வழக்கில் 2024 ஜனவரி 26இல் அது இடைக்கால உத்தரவு போட்டது. இனப்படுகொலை நடந்ததா என்று அந்த உத்தரவில் தீர்ப்புச் சொல்லவில்லை. 2024 ஜூலை 19இல், பலஸ்தீன நிலத்தில் இஸ்ரேல் தொடர்ந்து இருப்பது சட்டவிரோதம் என்று ஆலோசனைக் கருத்துச் சொன்னது. சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் தனி ஆட்களை விசாரிக்கிறது: 2024 நவம்பர் 21இல் இஸ்ரேலின் அப்போதைய பிரதமர் நெதன்யாகு, முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் கலன்ட், ஹமாஸின் இராணுவத் தளபதி முஹம்மத் தெய்ஃப் மூவருக்கும் பிடியாணை வந்தது. தெய்ஃப் இறந்தது உறுதியானபின் அவருக்கெதிரான வழக்கு முடிந்தது. பிடியாணை என்பது குற்றத் தீர்ப்பு ஆகாது.

பேச்சு சூடேறும் இடம் பெரும்பாலும் காஸாவாக இருக்காது. 1990இல் வடக்கிலிருந்து முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியது, 2006 மூதூர் என்று நம் ஊர்க் காயம் எழும்பும். அடக்க வேண்டாம். நான்காவது தாள் ஒன்றை முன்பே சுவரில் ஒட்டி வைத்து, சொன்னதை அங்கே எழுதி, அதற்கென்று தனிச் சனிக்கிழமை ஒன்றைத் திகதி போட்டுக் குறியுங்கள். திகதி போடாவிட்டால் சொன்னவர் திரும்ப வரமாட்டார். "யூதன்", "முஸ்லிம்" என்று சமூகத்தையே முதல் பத்தியில் எழுத வந்தால் மார்க்கரை வாங்கி, எந்தப் படை, எந்தத் தளபதி, எந்த அமைச்சர் என்று கேளுங்கள்.

வாக்கெடுப்பு வேண்டாம். கடைசிப் பத்து நிமிடத்தில் ஒவ்வொருவரும் ஒரு துண்டுத் தாளில், தான் நம்பும் ஒன்றை மாற்றிக்கொள்ள எந்த ஆதாரம் தேவை என்று எழுதட்டும். அவற்றைச் சம்பவத் தாள்களோடு ஒரு கோப்பில் போட்டு நூலகத்திலேயே வையுங்கள். புதிய விசாரணை அறிக்கை வரும்போது மூன்றாவது பத்தியைத் திருத்தித் திகதியும் இடுங்கள். பழைய வரியை அழிக்காமல் குறுக்கே ஒரு கோடு மட்டும் போடுங்கள்.