ஆப்பில் கடை போடும் தம்பிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையில் சாப்பாட்டுக் கடைகளுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். ஆனையூர், வில்லாபுரம், கே.கே.நகர் என்று புதிதாக அடுப்பு மூட்டும் தம்பிகள் நோட்டும் போனுமாக வந்து உட்காரும்போது மனசு பதறுகிறது. டெலிவரி ஆப், யுபிஐ விஷயத்தில் பழைய கடைக்காரர்கள் கையைச் சுட்டுக்கொண்ட அதே இடத்தில்தான் இவர்களும் கை வைக்கிறார்கள். போனில் பணம் வாங்க ரகசிய நம்பர் (PIN) போடக் கூடாது என்பதெல்லாம் இப்போது எல்லோருக்கும் தெரியும், அதற்குள் போகவில்லை.

விற்ற தொகையை வந்த தொகை என்று நினைப்பது

எனக்கு இன்றும் ஆத்திரம் வருவது இந்தத் தவறுக்குத்தான். நல்ல கைப்பக்குவம் உள்ள கடைகள் இதில் படுத்துவிட்டன.

சிம்மக்கல் பக்கம் புரோட்டாக் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி டெலிவரி ஆப்பில் சேர்ந்தார். ஆர்டர் மணி ஓயவில்லை. இரண்டு மாதம் கழித்து வந்து, “அண்ணே, யாவாரம் ரெட்டிப்பாயிருச்சு. ஆனா மைதாக் கடைக்குக் குடுக்கக் காசு இல்ல” என்றார். போனில் அவர் பார்த்துக்கொண்டிருந்தது மொத்த விற்பனையை. வங்கிக்கு வந்த தொகையை எடுத்துப் பார்க்கவே இல்லை.

கணக்கு இப்படித்தான் ஓடும். 200 ரூபாய் அயிட்டம். கடைக்காரர் தலையில் 20 சதவீதத் தள்ளுபடி போனால் 160. அதில் கமிஷன் 25 சதவீதம் என்று வைத்தால் 40 ரூபாய். கமிஷனுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, 7 ரூபாய் 20 காசு. டப்பா, கவர் 12 ரூபாய். கையில் நிற்பது 100 ரூபாய் 80 காசு. மாவு, எண்ணெய், கறி, சால்னாவுக்கு 80 ரூபாய் என்றால் மிச்சம் 20 ரூபாய் 80 காசு. கேஸ், கூலி, வாடகை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அவை 30 ரூபாய் என்றால் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஒன்பது ரூபாய்க்கு மேல் கைக்காசு போகிறது. சாப்பாட்டுக்கான 5 சதவீத ஜிஎஸ்டியை 2022 ஜனவரியிலிருந்து ஆப் நிறுவனமே கட்டிவிடுகிறது. அதைக் கேட்டுவிட்டு வரித் தொல்லை ஒழிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். ஆனால் 5 சதவீத முறையில் இருக்கும் ஓட்டலால் கமிஷன் மீது கட்டிய 18 சதவீதத்தைத் திரும்ப எடுக்க முடியாது. அது முழுக்கச் செலவுதான்.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. அந்தத் தம்பியின் ஆர்டர்களைப் பெயர் பார்த்துப் பிரித்தோம். பாதிக்கு மேல் பக்கத்துத் தெருக்காரர்கள். முன்பு லுங்கியோடு நடந்து வந்து, கல்லுப் பக்கத்தில் நின்று, சால்னா கூடக் கொஞ்சம் ஊற்றச் சொல்லி வாங்கிப் போனவர்கள். கடையில் வாங்கினால் பொருள் செலவு போக 120 ரூபாய் நிற்கும். அதே ஆள் தள்ளுபடிக்காக ஆப்புக்குப் போனதும் 20 ரூபாய் நிற்கிறது. சொந்த வாடிக்கையாளரைச் சொந்தக் காசு செலவழித்து அடுத்தவன் கையில் பிடித்துக் கொடுத்திருக்கிறார். அவர்களுடைய போன் நம்பர்கூட இவரிடம் இல்லை.

அதற்காக ஆப்பே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். சாயங்காலம் நாலு மணிக்கு அடுப்பு எப்படியும் எரிகிறது, மாஸ்டருக்குச் சம்பளம் எப்படியும் போகிறது. அப்போது 20 ரூபாய் வந்தாலும் லாபம்தான். ராத்திரி எட்டரைக்குக் கதை வேறு. இது தூங்கா நகரம். அந்த நேரத்தில் கல்லில் இடமே இருக்காது. ஆப் ஆர்டர் ஒன்று ஏறினால், எதிரில் நிற்கும் ஆள் பொறுத்துப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போவார். 20 ரூபாய்க்காக 120 போகிறது. கூட்ட நேரத்தில் ஆப்பை நிறுத்தி வையுங்கள். “பட்டியல்ல கீழ போயிருவோமேண்ணே” என்பார்கள். போகட்டும், கல்லில் கூட்டம் இருக்கிறதே.

தள்ளுபடியை முழு மெனுவுக்கும் போடாதீர்கள். நேரில் சொன்னால் கொண்டுவந்து தருவோம் என்று உங்கள் நம்பரைக் கடை வாசலில் பெரிதாக எழுதி வையுங்கள். வாரா வாரம் வங்கிக்கு வந்த தொகையை ஆர்டர் எண்ணிக்கையால் வகுத்து, பொருள் செலவு, டப்பாச் செலவோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இதற்கு என்னிடம் வர வேண்டியதே இல்லை.

ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்துப் பொட்டலம் கொடுப்பது

கூடாது. பணம் வந்ததைச் சவுண்ட் பாக்ஸ் சொல்லட்டும்.

ஒரே கடையில் மூன்று சவுண்ட் பாக்ஸ்

ஒன்று போதும். வங்கிக் கணக்கிலிருந்து வரும் யுபிஐ பணத்துக்கு 2020 ஜனவரி முதல் கடைக்காரரிடம் கட்டணம் பிடிப்பதில்லை. பெட்டி வாடகை மட்டும் மாதா மாதம் பெட்டிக்குப் பெட்டி ஓடும்.

க்யூஆர் வசூலைக் காட்டி வரும் கடனை யோசிக்காமல் வாங்குவது

தினவசூல் வட்டியில் பட்ட ஊர் இது. இப்போது அதே தினப்பிடித்தம் போனுக்குள் வந்திருக்கிறது, கையெழுத்துகூட வேண்டாம். ‘மாதம் 2 சதவீதம்தான்’ என்பதை நம்பாதீர்கள். ஒரு லட்சம் வாங்கி, முழு லட்சத்துக்கும் 2 சதவீதம் போட்டு, 12 தவணையில் 1,24,000 கட்டினால், அசல் குறையக் குறைய உண்மையான வட்டி ஆண்டுக்கு 40 சதவீதத்தைத் தாண்டுகிறது. வங்கிக் கிளைக்கு நடந்து போய் முத்ரா கடன் கேட்டுப் பாருங்கள். அலைச்சல்தான், ஆனால் வட்டி இதில் பாதிகூட வராது.

வரிக்குப் பயந்து யுபிஐயை நிறுத்துவது

2025 ஜூலையில் பெங்களூரு சிறு கடைக்காரர்களுக்கு யுபிஐ வரவை வைத்து நோட்டீஸ் போனதும், இங்கேயும் சிலர் க்யூஆர் அட்டையைக் கழற்றிவிட்டார்கள். ஜிஎஸ்டி பதிவுக்கான வரம்பு ஆண்டு விற்பனையைப் பொறுத்தது: ஓட்டல் போன்ற சேவைக்கு 20 லட்சம், பொருள் மட்டும் விற்பவர்களுக்கு 40 லட்சம். ரொக்கமும் அதில் சேரும். வருமான வரியில், விற்பனையில் இத்தனை சதவீதம் லாபம் என்று உத்தேசமாகக் காட்டும் முறையை எடுத்தால், ரொக்க விற்பனையில் குறைந்தது 8 சதவீதத்தை லாபம் என்று காட்ட வேண்டும். வங்கி வழி வந்ததற்கு 6 சதவீதம் போதும். அண்ணன் அனுப்பிய பணம், சீட்டுப் பணம் எல்லாம் கடை க்யூஆரில் விழுந்து, அதையும் விற்பனை என்று எண்ணும்போதுதான் சிக்கல் வரும். கடைக்குத் தனிக் கணக்கு தொடங்குங்கள்.