காற்று தள்ளும் கடல் பனி எந்தப் பக்கம் போகும்? பென்சிலும் கோணமானியும் போதும்

கடலூர் முதுநகர் மொட்டைமாடியில் வியர்வை வழிய உட்கார்ந்து ஆர்க்டிக் பனிக்குக் கணக்குப் போட்டவன் நான். கப்பல் அதிகாரி ஆவதற்கான செகண்ட் மேட் தேர்வுக்குப் படிக்கும்போது இதில் இரண்டு நாள் வீணானது. கடல் வரைபடத்தில் கோடு போட உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் பனி வரைபடத்தில் அடர்த்தியைப் பாருங்கள். முட்டை வடிவக் குறியின் மேல் வரியில், பத்தில் எத்தனை பங்கு பனி என்று இருக்கும். 9, 10 என்றால் துண்டுகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும். இந்தக் கணக்கு அங்கே எடுபடாது.

அடுத்து வேகம்: காற்றில் சுமார் 2 சதவீதம். 25 நாட் (ஒரு நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்) காற்றுக்கு அரை நாட், 12 மணி நேரத்தில் 6 கடல் மைல்.

மூன்றாவது திசை. நான் சறுக்கியது இங்கேதான். வடகாற்று, அதாவது 000°. பனி காற்றுக்கு வலப்பக்கம் 30° விலகும் என்று படித்ததை அப்படியே கூட்டி 030° என்று அம்பு போட்டேன். மீன்பிடிக்கப் போகும் சித்தப்பா எட்டிப் பார்த்தார். "வாடைன்னா வடக்கேருந்து வர்றதுடா. அது பனிய வடக்கேயா தள்ளும்?" காற்றைச் சொல்வது வரும் திசையை வைத்து, பனியைச் சொல்வது போகும் திசையை வைத்து. ஆகவே முதலில் 180 கூட்டுங்கள், அப்புறம் 30. விடை 210°. இந்த விலகல் பூமியின் சுழற்சியால் வருவது. பிராம் கப்பலைப் பனியில் உறையவிட்டு 1893 முதல் 1896 வரை மிதக்கவிட்ட நார்வே ஆய்வாளர் நான்சென், 20 முதல் 40 பாகை வரை கண்டார்.

செல்போன் செயலியின் அம்புகளை நம்பி இதைச் செய்யாதீர்கள். சிலவற்றில் அம்பு காற்று போகும் பக்கம் காட்டும், தலை சுற்றும்.

கடைசியாக, அம்பு நுனியில் கரை இருக்கிறதா? இருந்தால் பனி அங்கே போய் நெருக்கும், நடுவில் கப்பல் மாட்டும். காற்று கரையிலிருந்து வீசினால் கரையோரம் தண்ணீர்ப் பாதை திறக்கும். ஆசைப்பட்டு நுழையுமுன் அடுத்த இரண்டு நாள் காற்றையும் பாருங்கள். 2013 டிசம்பரில் அண்டார்டிகாவில் அகடமிக் ஷோகால்ஸ்கி கப்பலைக் காற்று குவித்த பனி பூட்டிவிட்டது. உதவிக்குப் போன சீனாவின் பனி உடைப்புக் கப்பலும் சிக்கியது. ஜனவரியில் காற்று மாறிய பிறகுதான் இரண்டும் வெளியே வந்தன.

பிற்சேர்க்கை: அண்டார்டிகாவுக்கும் இதே கணக்கா என்று ஒருவர் கேட்டார். இல்லை, தெற்கில் விலகல் இடப்பக்கம். 30-ஐக் கழியுங்கள், அதே வடகாற்றுக்கு 150°. நீரோட்டத்தை விட்டுவிட்டேன் என்று இன்னொருவர் பிடித்தார். உண்மைதான். அதன் அம்பை இந்த அம்பின் நுனியிலிருந்து வரையுங்கள்.