வார்டிலிருந்து நிர்வாகக் குழுவுக்கு

செவிலியர் துறைத் தலைமைக்கு வர நினைப்பவர்கள் முதலில் பட்ஜெட் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். கணக்குப் பிரிவில் உட்கார்ந்து கேட்டுத்தான் நான் கற்றேன். "ஆள் போதவில்லை" என்று மட்டும் சொன்னால் நிர்வாகக் குழு தலையாட்டிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடும். வார்டு வாரியாக நோயாளி எண்ணிக்கை, கீழே விழுந்தவர்கள், படுக்கைப் புண், ஓவர்டைம் செலவு எல்லாவற்றையும் ஒரே தாளில் வையுங்கள். கூடவே, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில மருத்துவமனைகளில் செவிலியர் துறை ஆய்வாளர் லிண்டா எய்க்கன் குழு நடத்திய 2002 ஆய்வையும் சொல்லுங்கள்: ஒரு செவிலியருக்கு நோயாளி ஒருவர் கூடும்போது, அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் மருத்துவமனையில் சேர்ந்த 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியிருந்தது.

மேற்படிப்பும் வேண்டும், சரி. ஆனால் பதவி வந்த பிறகும் இரவு ஷிஃப்டில் வார்டுக்குப் போங்கள். பகல் கூட்டத்தில் வாய் திறக்காத இளம் செவிலியர், நரம்பு வழியாக மருந்து ஏற்றும் எந்த இன்ஃப்யூஷன் பம்ப் வேலை செய்யவில்லை என்று அங்கேதான் சொல்வார். மறுநாளே அதை மாற்றிக் கொடுங்கள்.