தொழில் நகரமொன்றின் திருச்சபை வரலாற்றைத் தொகுப்பது எப்படி

ஒரு தொழில் நகரத்தின் திருச்சபை வரலாற்றை எழுத முனைபவர் பெரும்பாலும் இன்று அங்கே நிற்கும் ஆலயங்களைப் பட்டியலிட்டு, மூலைக்கற்களில் பொறித்த ஆண்டுகளைக் குறித்துக்கொண்டு எழுதத் தொடங்கிவிடுகிறார். இங்கிலாந்தின் மிடில்ஸ்பரோவைப் பற்றி அப்படி எழுதினால் அந்நகரின் முக்கியமான இரண்டு ஆலயங்கள் விடுபட்டுப்போகும். 1840-இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட புனித ஹில்டா ஆலயம் இன்று இல்லை; 1878-இல் திறக்கப்பட்ட கத்தோலிக்கப் பேராலயத்தை 2000-ஆம் ஆண்டில் தீ அழித்தது. ஆகவே கட்டடங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எந்த வேலைக்காக, எங்கிருந்து, எந்தப் பத்தாண்டில் மக்கள் அந்நகருக்கு வந்து சேர்ந்தார்கள் என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

மிடில்ஸ்பரோவையே எடுத்துக்கொள்வோம். 1801-இல் அங்கே வாழ்ந்தவர்கள் 25 பேர். நிலக்கரி ஏற்றுமதித் துறைமுகம் அமைப்பதற்காக ஜோசப் பீஸ் என்பவரும் குவேக்கர் என்னும் சிறு புராட்டஸ்டன்ட் சபையைச் சேர்ந்த அவருடைய பங்காளிகளும் 1829-ஐ ஒட்டி நிலத்தை வாங்கினார்கள். 1841-இல் இரும்பாலை வந்தது. 1850-இல் அருகிலுள்ள குன்றுகளில் இரும்புத்தாது வெட்டும் வேலை தொடங்கியது. நகரை நிறுவியவர்கள் குவேக்கர்கள் என்பதற்காக அது குவேக்கர் நகரமாகிவிடவில்லை. உலைக்கூடங்களை நம்பி அயர்லாந்திலிருந்து வந்தவர்களால் கத்தோலிக்கர் தொகை பெருகி, 1878-இல் அந்நகரின் பெயரிலேயே ஒரு மறைமாவட்டம் (ஓர் ஆயரின் ஆளுகைக்குட்பட்ட பகுதி) உருவானது. முதலீட்டாளரின் சபை ஒன்று, தொழிலாளியின் சபை வேறொன்று. இவ்விரண்டையும் ஒரே பத்தியில் குழப்பிவிடக் கூடாது.

அடுத்து, சட்டங்களின் காலவரிசையை உங்கள் நகரத்தின் காலவரிசைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இங்கிலாந்தில் 1689-ஆம் ஆண்டுச் சட்டம் ஆங்கிலிக்கன் அல்லாத புராட்டஸ்டன்டுகளுக்கு வழிபாட்டு உரிமை தந்தது. கத்தோலிக்கர் சட்டப்படி பொது வழிபாடு நடத்த 1791 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அரசுத் திருச்சபையான ஆங்கிலிக்கன் சபைக்கோ வேறு விதமான முட்டுக்கட்டை இருந்தது: புதிய சேகரம் (ஓர் ஆலயத்தின் பொறுப்பிலுள்ள பகுதி) ஒன்றைப் பிரிப்பதற்குப் பொதுவாக நாடாளுமன்றத்தில் தனிச்சட்டமே தேவைப்பட்டதால், ஆலைகளைச் சுற்றிக் குடியிருப்புகள் முளைத்த வேகத்துக்கு அதனால் ஈடுகொடுக்க முடியவில்லை. அந்த இடைவெளியில், ஒரு கிடங்கின் மாடியோ வாடகை அறையோ போதும் என்றிருந்த, ஆங்கிலிக்கன் சபையிலிருந்து கிளைத்த மெதடிஸ்டுகள் வேரூன்றினார்கள். 1818-இல் நாடாளுமன்றம் ஆலயம் கட்ட 10 லட்சம் பவுண்டு ஒதுக்கிய பிறகுதான் ஆங்கிலிக்கன் ஆலயங்கள் கொத்தாக எழுவதைக் காண்பீர்கள்.

மிகப் பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை பிளவுகளைப் பின்தொடர்வதுதான். ஒரே தெருவில் மூன்று மெதடிஸ்ட் ஆலயங்கள் இருந்ததற்கான ஆவணம் கிடைத்தால், அதை எழுத்துப் பிழை என்று ஒதுக்கிவிட வேண்டாம். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1791-இல் இறந்த சில ஆண்டுகளுக்குள், 1797-இல், அதிலிருந்து நியூ கனெக்‌ஷன் பிரிந்தது. மட்பாண்டத் தொழிலாளர் நிறைந்த ஸ்டாஃபர்ட்ஷயர் பகுதியில் 1811-ஐ ஒட்டிப் பிரிமிட்டிவ் மெதடிஸ்டுகள் தனிச் சபையானார்கள். அதன் நிறுவனர்களில் ஹியூ போர்ன் தச்சர், வில்லியம் குளோஸ் மட்பாண்டத் தொழிலாளி. எனவே முகப்பில் பொறித்த பெயரை ஓர் எழுத்தும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். 'மெதடிஸ்ட்' என்று மட்டும் குறித்தால் பாதி வரலாறு போய்விடும். பிரிந்தவை 1932-இல் ஒன்றிணைந்தபோது ஒரே தெருவில் மிகுந்துபோன ஆலயங்கள் நாளடைவில் மூடப்பட்டன. தென்னிந்தியாவிலும் இந்தக் கவனம் வேண்டும்: ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கியத் திருச்சபை ஆகியவை 1947 செப்டம்பர் 27 அன்று இணைந்து தென்னிந்தியத் திருச்சபை ஆனதால், அதற்கு முந்தைய பதிவேடு எந்தச் சபைக்குரியது என்பதை ஒவ்வொரு முறையும் குறிப்பிட வேண்டும். நூற்றாண்டு மலர்கள் இதில் அவ்வளவாக உதவமாட்டா. பிளவு நடந்த ஆண்டில், தேவ கிருபையால் புதிய ஆலயம் எழும்பியது என்ற ஒற்றை வரியோடு அவை பெரும்பாலும் நகர்ந்துவிடும்.

உண்மையான புதையல் ஞானஸ்நானப் பதிவேட்டில் இருக்கிறது. இங்கிலாந்தின் ஆங்கிலிக்கன் சேகரங்களில் 1813 முதல் பயன்பட்ட அச்சுப் படிவத்தில் குழந்தையின் பெயர், பெற்றோர் பெயர், வசிப்பிடம், தந்தையின் தொழில் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கட்டங்கள் இருந்தன. பத்தாண்டுக்கு ஓர் ஆண்டு வீதம் தேர்ந்தெடுத்து, அந்தத் தொழில் கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழாகப் படித்துப் பாருங்கள்: கைத்தறி நெசவாளர் என்ற சொல் அருகி, ஆலைத் தொழிலாளி, இயந்திரப் பணியாளர், எழுத்தர் என்று மாறிக்கொண்டே போனால், சபை யாருடையதாக இருந்து யாருடையதாக ஆனது என்பது விளங்கிவிடும். அரசுத் திருச்சபையைச் சாராத சபைகளுக்கு, ஆலயச் சொத்துப் பத்திரத்தில் வரும் அறங்காவலர்களின் தொழில்களைப் பார்த்தால் இதே பயன் கிடைக்கும்.

எண்ணிக்கை வேண்டுமானால் 1851 மார்ச் 30 அன்று இங்கிலாந்திலும் வேல்சிலும் எடுக்கப்பட்ட வழிபாட்டுக் கணக்கெடுப்பு இருக்கிறது. காலை, பிற்பகல், மாலை என வருகை தனித்தனியே பதிவானதால் ஒருவரே இருமுறை எண்ணப்பட்டிருக்கலாம். மூன்றையும் கூட்டி அதையே சபையின் அளவு என்று எழுதிவிடக் கூடாது. அன்று தாய்வீட்டுக்குச் செல்லும் வழக்கமுள்ள ஞாயிறு என்பதால் சில ஊர்களில் வருகை வழக்கம்போல் இருக்கவில்லை. வருகையைவிட இருக்கைகளைப் பற்றிய தகவலையே நான் மதிப்பேன். எத்தனை இருக்கைகள் இலவசம், எத்தனை மற்றவை (வாடகை கட்டுவோர் போன்றோருக்கு ஒதுக்கப்பட்டவை) என்று படிவம் கேட்டது. ஏழைத் தொழிலாளிக்கு அந்த ஆலயத்தில் என்ன இடம் இருந்தது என்பதை ஊகிக்க அது ஒரு தடயம்.

ஆலை முதலாளியே கட்டிக்கொடுத்த ஆலயமாக இருந்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை. யார்க்‌ஷயரின் சால்டேரில் டைட்டஸ் சால்ட் 1853-இல் ஆலையைத் திறந்தார். அதற்கு எதிரிலேயே 1859-இல் தாம் சார்ந்த காங்கிரிகேஷனல் சபைக்கு (ஒவ்வோர் ஆலயமும் தன்னைத் தானே நிர்வகிக்கும் புராட்டஸ்டன்ட் பிரிவு) ஆலயம் எழுப்பினார். 1876-இல் இறந்தபின் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். வேலை முடிந்து ஆலையை விட்டு வெளியே வருபவரின் கண்ணில் படுவது முதலாளியின் ஆலயம். ஆனாலும் வெஸ்லியன் மெதடிஸ்டுகளுக்கும் அவர் நிலம் தந்ததால் 1868-இல் அவர்களுடைய ஆலயமும் அவ்வூரில் எழுந்தது. கட்டியவர் யார் என்பதோடு நின்றுவிடாமல், அதற்கு வெளியே தொழிலாளர்கள் எங்கே கூடினார்கள் என்பதையும் தேடுங்கள்.

எழுதும்போது கலைச்சொற்களில் கவனம் வேண்டும். கத்தோலிக்கருக்குத் திருமுழுக்கு, பங்கு, மறைமாவட்டம். தென்னிந்தியத் திருச்சபையாருக்கு ஞானஸ்நானம், சேகரம், திருமண்டலம். அந்தந்தச் சபையின் சொல்லை அந்தந்தச் சபைக்கே பயன்படுத்துங்கள். சபைக்கு ஓர் அத்தியாயம் என்று பிரிப்பதைவிடப் பத்தாண்டுக்கு ஓர் அத்தியாயம் என்று பிரிப்பதே நல்லது. ஆலை மூடிய ஆண்டில் எல்லாச் சபைகளுக்கும் என்ன நேர்ந்தது என்பது அப்போதுதான் ஒரே இடத்தில் தெரியும். இறுதியாக நகர வரைபடம் ஒன்றில், நிற்கும் ஆலயங்களை ஒரு நிறத்திலும், இடிந்தவற்றையும் கிடங்காகவோ வேறு சமயத்தாரின் வழிபாட்டிடமாகவோ மாறியவற்றையும் இன்னொரு நிறத்திலும் குறித்து, ஒவ்வொன்றின் அருகிலும் திறந்த ஆண்டையும் மூடிய ஆண்டையும் எழுதிவிடுங்கள்.